ஏஆர்டி மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயம் காக்கும் பயிற்சி: எவ்வளவு, எப்படி, எங்கே தவறும்?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எச்.ஐ.வி.க்கான ஏஆர்டி மாத்திரை எடுத்துவரும் சிலருக்காக நடையும் தசைப் பயிற்சியும் சேர்ந்த அட்டவணை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆண்களும் பெண்களும் உண்டு. வயது 40-க்கு மேல், 60-க்குள். எல்லோருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான். வைரஸ் அளவு அடங்கியே இருக்கிறது. சிலர் ஸ்டாவுடின் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து கொடுத்த காலத்திலிருந்து மருந்தில் இருப்பவர்கள். கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்தள்ளி, பாதத்தில் மதமதப்பும் இருக்கிறது. பிறகு வந்தவர்களுக்கு வேறு பிரச்சினை: எடை ஏறுகிறது, பிபி எல்லைக்கோட்டில் நிற்கிறது, இரண்டு பேருக்கு சுகர்.

"தினமும் நடங்க" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடவில்லை. "நாள் முழுக்க வயல்லதானே கிடக்கிறோம், இன்னும் என்ன நடை?" என்கிறார்கள். இன்னொரு பக்கம், உடம்பை வருத்தினால் சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) இறங்கிவிடும் என்று பயந்து படி ஏறவே யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஜிம் இல்லை, இருந்தாலும் போகமாட்டார்கள்.

வயல் வேலை பயிற்சிக் கணக்கில் சேருமா? வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே தசைப் பயிற்சி எப்படிக் கொடுப்பது? கால்சியம், வலி மாத்திரை, கொழுப்பு மாத்திரை, புரோட்டீன் பவுடர் இவற்றில் எது ஏஆர்டியோடு மோதும்? யாரை நடக்கவிடாமல் முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்? அந்தந்த விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதினால் உதவியாக இருக்கும்.


குடமுருட்டி பிசியோ எழுதியது:

வயல் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். நம் பக்கத்தில் எழுதும் அட்டவணை பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுவதும் மூட்டை சுமப்பதும் உழைப்புதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பில் வேலை நேர உழைப்பும் சேரும். ஆனால் நடவையும் களையெடுப்பையும் பாருங்கள். இடுப்பு மணிக்கணக்கில் வளைந்திருக்கிறது, முதுகுத் தசை இறுகியே நிற்கிறது, உடம்பு களைத்துப்போகிறது. மூச்சு மட்டும் பெரிதாக ஏறுவதில்லை. இதயத்துக்குத் தேவை அந்த மூச்சு ஏறுவதுதான். ஏறிய நிலையில் சில நிமிடங்களாவது நிற்க வேண்டும், பிறகு ஓய்வு கிடைக்க வேண்டும், அடுத்த நாளும் அது நடக்க வேண்டும். போதாததற்கு வயல் வேலை பருவத்தைப் பொறுத்தது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை நட்டால் ஒரு மாதிரி, தண்ணீர் தள்ளிப்போய் சம்பா மட்டும் என்றால் வேறு மாதிரி. அறுவடைக்கு மெஷின் வந்த பிறகு தை, மாசியில் பலருக்கு உழைப்பே கிடையாது. பயிற்சியை இரண்டு மூன்று வாரம் விட்டாலே கிடைத்த பலன் இறங்க ஆரம்பிக்கும். ஆகவே மண்வெட்டி வேலை உள்ள நாளில் நடையைப் பாதியாக்குங்கள், நடவு, களை நாளில் 10 நிமிடமாவது நடக்கச் சொல்லுங்கள், வேலை இல்லாத மாதத்தில் முழு அட்டவணை.

எந்த உழைப்பு போதுமானது என்பதற்கு எளிய சோதனை பேச்சுதான். நடந்துகொண்டே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அதிகம். எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 15 விநாடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100 அடி, மிதமான வேகத்தின் தொடக்கம். நாடி பார்க்கத் தெரிந்தால் 220-லிருந்து வயதைக் கழித்து, வருவதில் 64 முதல் 76 சதவீதம். 50 வயதுக்காரருக்கு நடை நின்ற உடனே 10 விநாடியில் 18-லிருந்து 21 துடிப்பு இருந்தால் சரியான இடம். நின்று, கைக்கடிகாரம் தேடி, விரல் வைத்து எண்ணத் தொடங்குவதற்குள் அரை நிமிடம் போய்விட்டால் துடிப்பு இறங்கிவிடும், எண் பொய்யாக வரும்.

முதல் இரண்டு வாரம் 10 நிமிடம், வாரம் 5 நாள். அடுத்த இரண்டு வாரம் 15, பிறகு 20, பிறகு 25. ஒன்பதாவது வாரம் 30 நிமிடம் வந்துவிடும், அதுவே 150 நிமிடம். இதற்கு முன்னால் 5 நிமிடம் மெதுநடை, பின்னால் 5 நிமிடம் மெதுநடை தனி. பின்னாலுள்ள 5 நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். வேகமாக நடந்து சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி பிபி இறங்கும், தலை சுற்றும். பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

டெல்டா தட்டையான பூமி, ஏற்றமே இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அதே ரோட்டில் அதே வேகத்தில் நடந்தால் உடம்பு பழகி, மூச்சு ஏறாது. அப்போது 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் வழக்கமான நடை என்று 6 சுற்று வையுங்கள், 18 நிமிடம் ஆகும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றமோ படித்துறைப் படியோ இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், மழைக்காலப் பாசி படிந்த படியைத் தவிர. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு சைக்கிளே போதும், பேச்சுச் சோதனை அதற்கும் அதேதான்.

பாத மதமதப்பு உள்ளவர்களைத் தனியாகப் பிரியுங்கள். ஸ்டாவுடின் நரம்பைப் பாதித்தது, அதை நிறுத்தி வருடங்கள் ஆனாலும் பலருக்கு அந்தக் குறை முழுதாகத் திரும்பவில்லை. இவர்கள் வரப்பில் நடக்க வேண்டாம், தார் ரோடு அல்லது சமமான மண் ரோடு. ரப்பர் செருப்பு வழுக்கும், விரலால் கவ்விப் பிடித்து நடக்க வைக்கும். பின்னால் வார் உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ, பருத்திக் காலுறையோடு. நடந்து வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் முள் குத்தியது மூன்று நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும்.

தசைப் பயிற்சி வாரம் 2 நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி. கை கால் சூம்பியவர்களுக்கு நடையைவிட இதையே முக்கியமாகச் சொல்வேன். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: கன்னத்திலும் கையிலும் ஸ்டாவுடின் கரைத்த கொழுப்பு பயிற்சியால் திரும்பாது. தோலுக்கு அடியில் தசை கூடும், பிடிமானம் கூடும், சர்க்கரையை எரிக்கும் இடம் கூடும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பு நடையால் இறங்கும். மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை நூறு தடவை செய்தாலும் அந்தக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

ஐந்து அசைவு போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, பையைக் குனிந்து இடுப்பு வரை இழுப்பது, குதிகால் உயர்த்துவது, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 2 சுற்று, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்க வேண்டும், அசைவின் ஒழுங்கு குலையக் கூடாது. 12 எளிதாகிவிட்டால் எடை கூட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 1 கிலோ, துணிப்பையில் அரிசி போட்டால் வேண்டிய எடை.

உட்கார்ந்து எழுவதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொடையும் புட்டமும்தான் உடம்பின் பெரிய தசைகள். பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் பின்னுக்கு நழுவும், சுவரில் முதுகு முட்டும்படி போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இடுப்பளவு அகலம், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே. கையை மார்பில் கட்டி, மூக்கு கால்விரலுக்கு நேர் வரும்வரை முன்சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்க வேண்டும். தசை வளர்வதில் அந்த மெதுவான இறக்கத்துக்கும் பங்கு உண்டு, பொத்தென்று விழுந்தால் அந்தப் பலன் போச்சு. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தால் வலி வரும். பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக வையுங்கள். எழும்போது மூச்சை அடக்குவதுதான் இதயத்துக்கு ஆபத்தான தவறு. அடக்கிய நொடியில் பிபி எகிறும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சை அடக்க முடியாது.

மழை பற்றி ஒரு வரி. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் அட்டவணை நின்றுபோகாமல் இருக்க, திண்ணைப் படியில் ஏறி இறங்குவதைப் பழக்கிவிடுங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம், ஒரு காலை முன்வைத்து 1 நிமிடம், மாற்றி 1 நிமிடம். சித்திரை, வைகாசியில் காலை 6.30-க்குள் முடித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது, வியர்வை ஆவியாகாமல் உடம்புச் சூடு இறங்காது. கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்.


மருத்துவர் காவிரிக்கரை எழுதியது:

மேலே பிசியோ எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். நான் சிடி4 பயத்தையும், யாரை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

பயிற்சியால் சிடி4 குறைவதில்லை, வைரஸ் அளவு ஏறுவதும் இல்லை. நிலையான சிகிச்சையில் இருப்பவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் மூச்சுத் திறனும் தசை வலிமையும் மனநிலையும் மேம்பட்டிருக்கின்றன. சிடி4, வைரஸ் அளவு இரண்டிலும் கெடுதல் தெரியவில்லை. பயத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம்: கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் லிம்போசைட் (சிடி4 உள்ளிட்ட வெள்ளணுக்கள்) எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கும், ஒரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் சிடி4-க்கு ரத்தம் கொடுக்கும் நாள் காலையில் பயிற்சி வேண்டாம். அதேபோல, கடுமையான தசைப் பயிற்சிக்குப் பிறகு சில நாள் சிபிகே என்ற தசை நொதி ஏறும், ஈரல் சோதனையில் வரும் எஸ்ஜிஓடி கூட சற்று ஏறும். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் நடை மட்டும் போதும். இல்லாவிட்டால் மாத்திரை ஈரலைப் பாதிக்கிறதோ என்று வீணாக ஒரு சுற்று அலைச்சல்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் இது: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. வைரஸ் அடங்கினாலும் எதிர்ப்பு மண்டலம் முழுதாக அமைதியாவதில்லை. தொற்றின் ஆரம்பத்திலேயே குடல் சுவரின் காவல் செல்கள் பெருமளவு அழிந்துவிடுவதால், குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன. மெல்லிய அழற்சி நிற்பதே இல்லை, ரத்தக் குழாயின் உட்சுவர் அதில் சேதமாகிறது. பயிற்சி வேலை செய்வது அந்த உட்சுவரில்தான். மூச்சு ஏறும் ஒவ்வொரு முறையும் ரத்தம் சுவரை உரசிப் பாய்ந்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கிறது, குழாய் தளர்கிறது. அறிக்கையில் சிடி4 மாறவில்லையே என்று சோர்ந்துபோகாமல், பிபியிலும் இடுப்புச் சுற்றளவிலும் பலனைத் தேடச் சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

உடம்பு நன்றாகிவிட்டது, தினமும் நடக்கிறோம் என்று மாத்திரையை இடையில் நிறுத்துபவர்கள் உண்டு. ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. சிகிச்சையை இடைவெளி விட்டு எடுத்தவர்களுக்கு இறப்பும், இதய நோய் உள்ளிட்ட தீவிரப் பாதிப்புகளும் கூடின. மாத்திரை இல்லாத நடை இதயத்தைக் காக்காது.

கொழுப்பு மாத்திரை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2023-ல் வந்த ரிப்ரீவ் ஆய்வில் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர், 12 நாடுகள், இந்தியாவும் அதில் ஒன்று. இதய ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கணக்கிடப்பட்டவர்கள்தான். அவர்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாடின் (ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை) கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. உங்கள் குழு அந்த வயதில்தான் இருக்கிறது. கொழுப்பு அளவு "நார்மல்" என்று வந்தாலும், ஸ்டாடின் தேவையா என்று ஏஆர்டி மைய டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு முன் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்: நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் விடுபவர்கள், சமீபத்தில் மயங்கி விழுந்தவர்கள், படுத்தால் மூச்சு முட்டுபவர்கள், கால் வீங்குபவர்கள், இளவயதில் மாரடைப்பு வந்த அப்பா, அண்ணன் உள்ள புகைப்பவர்கள், ரத்தசோகை கடுமையாக உள்ளவர்கள், காசநோய் மருந்து இப்போதுதான் தொடங்கியவர்கள், சிடி4 200-க்குக் கீழே இருந்து புதிதாக ஏஆர்டி ஆரம்பித்தவர்கள். சுகரால் கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு இருந்தால் எடை தூக்குவது கூடாது. காய்ச்சல் உள்ள நாளில் யாருக்கும் பயிற்சி இல்லை. உட்கார்ந்து பார்த்த பிபி 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று நடை நிறுத்தம், டாக்டர் பார்க்க வேண்டும். பிபி பார்க்கும் முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். டீ, புகையிலை, நடை எதுவானாலும் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் தாங்கி இருக்க வேண்டும். நடந்து வந்து மூச்சிரைக்க வராண்டாவில் நின்றபடி எடுத்த பிபியை வைத்து மாத்திரை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நடக்கும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108 அழைக்க வேண்டும். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி இல்லாமல் மேல்வயிற்று எரிச்சலாகவோ திடீர் களைப்பாகவோ மட்டும் வரலாம். நம் ஊரில் இது நேராக "வாயு" ஆகிவிடுகிறது, சோடா குடித்து இரண்டு மணி நேரம் போகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தமிழகத்தில் 2023-லிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் தவணை கொடுக்கிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த நிலையம் பக்கம், இரவில் திறந்திருக்குமா என்று இப்போதே விசாரித்து அட்டவணையின் மேலேயே எழுதிவிடுங்கள்.


மருந்தாளுநர் அரசலாறு எழுதியது:

மாத்திரை மோதல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டோலுடெகிராவிர் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எதுவானாலும் குடலிலேயே கட்டிப்போட்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். ஜெலுசில் போன்ற வெள்ளை அமில மருந்தைக் குடிப்பதாக இருந்தால் அதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போதான் ஏஆர்டி மாத்திரை. கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் அதே கணக்கு, ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து என்றால் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கலாம். டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் பெண்களுக்குக் கால்சியம் எழுதித்தருவது வழக்கம். எளிய ஏற்பாடு, ஏஆர்டியை இரவு சாப்பாட்டுக்குப் பின், கால்சியத்தைக் காலையில்.

புரோட்டீன் பவுடரில் இதே கண்ணி இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பலவற்றில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு, துத்தநாகம் சேர்த்திருக்கிறார்கள். நடந்து வந்து பவுடரைக் கரைத்து, அதிலேயே ஏஆர்டி மாத்திரையையும் விழுங்குபவர்களுக்கு வைரஸ் அளவு ஏறினால் ஆச்சரியமில்லை. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு துண்டு மீன் இருந்தால் பவுடருக்கு அவசியமே இல்லை. தசை வளர விற்கும் கிரியாட்டின் பவுடர் வேண்டவே வேண்டாம். டோலுடெகிராவிர் தொடங்கிய முதல் மாதத்திலேயே கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் அளவு) 0.1 முதல் 0.2 வரை ஏறும். அது சிறுநீரகம் கெட்டதால் அல்ல, வெளியேற்றும் ஒரு பாதையை மருந்து மறிப்பதால். அதன்மேல் கிரியாட்டின் பவுடரும் சேர்ந்தால் ரிப்போர்ட்டைப் படிக்கவே முடியாது. டெனோஃபோவிர் எடுப்பவருக்குச் சிறுநீரகக் கணக்கு தெளிவாக இருப்பது மிக முக்கியம்.

உங்கள் ஆட்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வலி மாத்திரை. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும், மறுநாளைவிட அதற்கடுத்த நாள் அதிகம். கடையில் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ வாங்கிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்கள். வெயில், வியர்வை, நீர்ச்சத்துக் குறைவு, டெனோஃபோவிர், அதோடு இந்த வலி மாத்திரை எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். பாராசிட்டமால் 500 அல்லது 650 போதும், தேவைப்பட்டால் 6 மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கமோ ஈரல் நோயோ உள்ளவர்கள் அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது வாரம் தாண்டினால் இந்த வலி தானே போய்விடும்.

சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை டோலுடெகிராவிர் ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகவே ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். வேறு கிளினிக்கில் சுகர் பார்ப்பவர்கள் அங்கே ஏஆர்டியைச் சொல்வதில்லை, இதுதான் ஓட்டை. கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. சுகர் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். சட்டைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் அப்படியே வாயில் போட்டு, 15 நிமிடம் உட்கார வேண்டும்.

ஸ்டாடின் எதுவும் டோலுடெகிராவிரோடு மோதாது. ஆனால் இரண்டாம் கட்ட மருந்தில் ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை எடுப்பவர் யாராவது இருந்தால் சிம்வாஸ்டாடின் அறவே கூடாது, தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும். அவர்களுக்கு மூட்டு வலிக்கு ட்ரையாம்சினலோன் ஊசி போடுவதும் ஆபத்து. ரிட்டோனாவிர் அந்த ஸ்டீராய்டை உடம்பிலிருந்து போகவிடாது, முகம் வீங்கி, சுகர் ஏறி, அட்ரினல் சுரப்பி ஓய்ந்துவிடும். ஸ்டாடின் எடுப்பவருக்கு இரண்டு தொடையும் சமமாக வலித்து, சிறுநீர் கறுத்துப் போனால் அதைப் பயிற்சி வலி என்று விடக் கூடாது. உடம்பு தேற என்று விற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பவுடரும் லேகியமும் எவ்வளவு நல்ல பேர் எடுத்ததானாலும் வேண்டாம்.


கொழுந்து வெற்றிலை எழுதியது:

டாக்டர் சாரும் மற்றவங்களும் மருத்துவம் சொல்லிட்டாங்க. களத்துல எது நிக்கும், எது நிக்காதுன்னு நான் சொல்றேன்.

தம்பி, முதல்ல அவங்க எல்லாரையும் ஒரே கூட்டமா நடக்க வைக்காதீங்க. ஏஆர்டி மையத்துல பார்த்த முகம் நாலு, காலையில ஒண்ணா ரோட்டுல நடந்தா ஊருக்கு அது போதும். வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேரு, போட்டோ, பனியன் எதுவும் வேண்டாம். ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை அவரோட சம்மதம் இல்லாம வெளியிடறது 2017-ல வந்த சட்டப்படி கூடாது, குரூப்புல நம்பரைச் சேர்க்கறதுக்கும் அந்தக் கவனம் வேணும். தனித்தனியா, ஊர்ல ஏற்கெனவே சுகருக்காக நடக்கறவங்களோட சேர்த்துவிடுங்க. "என்ன திடீர்னு நடை?"ன்னு கேட்டா "பிபி எல்லையில இருக்காம், டாக்டர் நடக்கச் சொன்னாங்க"ன்னு சொல்லலாம். அது பொய்யும் இல்ல, இன்னைக்கு அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல.

பொம்பளைங்களுக்கு விடியக்காலை தனியா வாய்க்கால் ரோடு சரிப்படாது. நாய், பாம்பு, இருட்டு, அப்புறம் ஊர்ப் பேச்சு. நம்ம பக்கம் பெரிய கோயில் பிராகாரம் இருக்கு, மன்னார்குடியில ஹரித்ரா நதிக் கரை இருக்கு. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நாலு பேர் சுத்தறப்போ அஞ்சாவது ஆளா சுத்தலாம். ஒரு எச்சரிக்கை: பிராகாரத்துல வெறுங்கால்தான். பகல் முழுக்க வெயில் குடிச்ச கருங்கல்லு அஞ்சு மணிக்கும் சுடும். பாதம் மரத்தவங்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவங்களுக்குக் குளத்தங்கரைதான், செருப்போட.

சாப்பாட்டுல மூணு வேளையும் அரிசிங்கறதை ஒரே நாள்ல மாத்த முடியாது. மதியச் சோத்துல மூணுல ஒரு பங்கைக் குறைச்சு, அந்த இடத்துல கீரையோ பயறோ வைக்கச் சொன்னா கேக்கறாங்க. உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் இந்த ஒரு டீஸ்பூனுக்குள்ளதான் வரணும். பிபி இருக்கறவங்க வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல கருவாட்டைத் தொட வேண்டாம்.

புகையிலையை விட்டுட்டு மத்ததைப் பேசறதுல அர்த்தமே இல்ல. பீடி, சிகரெட் மட்டும்னு நினைக்காதீங்க, வெத்தலையோட போடற புகையிலையும் நாடியையும் பிபியையும் ஏத்தும். நடந்து முடிச்சு வரப்புல உக்காந்து வாய் நிறையப் போட்டுக்கறவங்க நிறைய. வெத்தலை பாக்கு வேணும்னா புகையிலையை எடுத்துடுங்கன்னு சொல்லி ஆரம்பிங்க, பாக்கையும் அப்புறம் விட வைக்கணும், வாய்ப் புற்றுநோய்க்கு அதுவும் காரணம்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொழுந்து வெற்றிலை அக்கா சொன்ன கூட்ட விஷயம் என் அட்டவணையின் அடிப்படையையே மாற்றிவிட்டது, தனித்தனியாகவே கொடுக்கப் போகிறேன்.

இன்னும் மூன்று. ஒருவர் பிபிக்கு அடினலால் எடுக்கிறார், எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி 95-ஐத் தாண்டவில்லை, இன்னும் வேகம் கூட்டச் சொல்லலாமா? இரண்டாவது, அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" 8 கிலோமீட்டர் பாதைக்கு ஒருவர் முதல் நாளே போக ஆசைப்படுகிறார். மூன்றாவது, மாதா மாதம் எதை அளந்து எழுதி வைக்கலாம்?


குடமுருட்டி பிசியோ எழுதியது:

அடினலால், மெடோபிரலால் எடுப்பவர்களுக்கு நாடிக் கணக்கு பொருந்தாது. மருந்தின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பதுதான். அவருக்குப் பேச்சுச் சோதனை மட்டும். பாட முடியாத அளவு வந்துவிட்டால் நாடி 95 என்றாலும் அதுவே அவருடைய சரியான வேகம், கூட்டச் சொல்லாதீர்கள். நடை தொடங்கிய பிறகு பிபி நன்றாக இறங்கித் தலை சுற்றினால் மாத்திரையைத் தானாகக் குறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சுகரும் இருந்தால் இன்னொன்று: இந்த மருந்து, சுகர் இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும்.

8 கிலோமீட்டர் பாதை பழகியவர்களுக்கே ஒன்றரை மணி நேரம். பாதை நல்லது, நிழலும் துணையும் கிடைக்கும். முதல் இரண்டு வாரம் 5 நிமிடம் போய் அங்கிருந்தே திரும்பட்டும். மாதத்துக்கு 10 நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். முதல் நாளே முழுதாக நடந்தவர்கள் குதிகால் வலியோடு ஒரு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்புறம் அவர்களை எழுப்புவது கடினம்.

அளவுக்கு: பிபி, இடுப்புச் சுற்றளவு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார், 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார். இடுப்பு நாடாவை விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் இல்லாமல் தோலில் வைத்து, மூச்சை விட்ட நிலையில் பார்க்க வேண்டும். 6 நிமிட நடைக்கு வாய்க்கால் ரோட்டில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் செங்கல் வையுங்கள். போய்த் திரும்பினால் 60 மீட்டர். பக்கத்தில் நீங்கள் கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் ஓடிவிடுவார். மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு மாதமும் அதே நேரம், அதே செருப்பு. நோட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும் எழுதுங்கள், அந்த எண் யாருடையது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.